பூட்டுக்குப் பூசிய சந்தனம்

கோயம்புத்தூரில் வந்து இறங்கிய காலையில் எதற்காக வந்தேன் என்று என்னை ஒருவர்கூடக் கேட்கவில்லை. "சாப்டீங்களா?" என்றுதான் கேட்டார்கள். ஆட்டோக்காரர் கேட்டார். விடுதி வரவேற்பில் இருந்த பெண் கேட்டார். பெட்டியை அறைக்குத் தூக்கிவந்தவர் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை கதவருகிலேயே நின்றார். மலேசியாவில் எங்கள் கிள்ளானிலும் "பசியாறியாச்சா?" என்று கேட்போம், ஆனால் கேட்டுக்கொண்டே நடந்து போய்விடுவோம். இங்கே நின்று கேட்கிறார்கள். எனக்கோ அன்று நிற்கவே பொறுமை இல்லை.

பொதுவாகவே என் கால் சும்மா இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். என் மனைவி அதற்குத் 'தையல் மிஷின்' என்று பெயர் வைத்திருக்கிறாள். இந்தப் பயணம் முழுக்க அந்த மிஷின் ஓயாமல் ஓடியது. காரணம் என் பைக்குள் இருந்த ஓர் ஒப்பந்தம்.

விஷயம் இதுதான். மலேசியாவில், கிள்ளானில், நான் வேலை செய்யும் நிறுவனம் உணவகங்களுக்குச் சமையலறை இயந்திரங்கள் விற்கிறது. முதலாளி லிம், சீனர். தமிழில் அவருக்குத் தெரிந்த சொற்கள் இட்லி, தோசை, சட்னி, 'சீக்கிரம்'. மாவாட்டும் கிரைண்டர்களை நாங்கள் கோயம்புத்தூரிலிருந்துதான் வரவழைக்கிறோம். அதில் கடைக்காரர்களுக்கு ஒரு பழைய குறை உண்டு. வேலை முடிந்து கழுவுவதற்கு, மாவு அரைபடும் டிரம்மைத் தூக்க வேண்டும். ஒருவர் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மல்லுக்கட்டி இழுத்தால்தான் அது வரும். அதற்காக லிம் ஒரு பொறியாளரை வைத்துப் புதிதாக ஒரு பூட்டு வடிவமைத்தார். டிரம்மின் நடுவில் உட்காரும் ஓர் எஃகு வளையம், உள்ளங்கை அகலம். பக்கத்தில் லீவர்போல ஒரு சின்ன நெம்பு. கட்டைவிரலால் அழுத்தினால் டிரம் தனியே கையோடு வந்துவிடும்.

அந்தப் பூட்டை லிம் வைரம்போல் காத்தார். எந்தக் கடைக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை, விஷயம் வெளியே போய்விடுமாம். அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு, அவரும் நானும் பொறியாளரும் மட்டும் தண்ணீர் ஊற்றிச் சோதித்தோம். அருமையாகத் திறந்தது. மூவரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

இதைச் சீனாவிலேயே செய்துவிடலாம் என்றார் லிம். நான்தான் கோயம்புத்தூர் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "சரி, உன் ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கிவா. பூட்டு ஒரே கூரைக்குக் கீழ் செய்யப்பட வேண்டும். வெளியாள் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. கையெழுத்து இல்லாமல் வந்தால் வேலை சீனாவுக்கு, குவாங்டோங் போகும், நீ கிடங்குக்குப் போவாய்" என்று மலாயில் சொன்னார், சிரிக்காமல். கிடங்கு என்றால் ஓய்வுபெறும்வரை அட்டைப்பெட்டிக்குக் காவல் இருப்பது. என் வயதில் அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

எங்களுக்குக் கிரைண்டர் செய்து தருபவர் ரேணுகா. நாற்பதை ஒட்டிய வயது. கணபதி பகுதியில் ஆலை. அண்ணன் வெளிநாடு போய்விட்டதால் பொறுப்பெடுத்துக்கொண்டவர். நேரில் அன்றுதான் முதலில் பார்க்கிறேன். கைகூப்பி, "வாங்க மணியம் சார், பயணமெல்லாம் சவுகரியமா இருந்துச்சுங்களா?" என்றார். நான் பையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்தேன். அவர் அதை மேலோட்டமாகப் படித்தார். "ஆகட்டுங்க. மொதல்ல சாப்பிட்டுப்போடலாம்" என்று எழுந்துவிட்டார்.

அவர் வீட்டிலிருந்து அரிசிம்பருப்பு சாதம் வந்திருந்தது. அரிசியையும் துவரம்பருப்பையும் சேர்த்து வேகவைத்துத் தாளித்து, நெய் ஊற்றி, அப்பளத்தோடு. இத்தனை எளிய சோறு இவ்வளவு ருசிக்கும் என்று எனக்குத் தெரியாது. இருந்தும் என் முழங்கால் மேசையை ஆட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டின் நடுவே ரேணுகாவுக்கு அம்மாவிடமிருந்து தொலைபேசி. வீட்டில் அவர்கள் தெலுங்கு பேசுபவர்கள். எனக்குத் தெலுங்கு புரியும் என்பது அவருக்குத் தெரியாது. நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் பக்கத்து வீட்டு வரிசை முழுக்கத் தெலுங்குக் குடும்பங்கள்தான். "நல்ல மனிதராகத்தான் தெரிகிறார் அம்மா. ஆனால் பாவம், காலில் ஏதோ நோய் போலிருக்கிறது" என்றார். நான் முழங்காலைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பிட்டதும், "எங்க வேலை நடக்கற எடத்தெல்லாம் பாத்துருங்க" என்று காரில் ஏற்றினார். அங்கேதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. ஒரு சந்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றினார்கள். இன்னொரு தெருவில் டிரம்முக்குத் தகடு வளைத்தார்கள். வேறொருவர் பாலிஷ் மட்டும். பெயிண்ட் அடிப்பது வேறெங்கோ. டிரம்முக்குள் மாவரைக்கும் கல் குழவிகள் மாவட்டம் தாண்டி வருகின்றனவாம். கிரைண்டர் உருவாவதற்குள் என்னைவிட அதிகம் ஊர் சுற்றிவிடுகிறது. ஒவ்வொரு பட்டறை வாசலிலும் டீ, ஒவ்வொருவரும் "சாப்டீங்களா?"

"ஏம்மா, இதுல ஒரே கூரை எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாம் நம்ம ஆளுகதானுங்க" என்றார், ஸ்டீரிங்கைத் திருப்பியபடி. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நான் அவசரத்தில் இருந்தேன்.

ஆலைக்குத் திரும்பியதும் பூட்டின் மாதிரியைக் காட்டினார்கள். லிம் ரேணுகாவுக்கு மட்டும் அனுப்பியிருந்த வரைபடத்தில் இருந்ததுபோலவே அச்சாகச் செய்திருந்தார்கள். செய்தவர் தங்கவேல், ஆலையின் மேற்பார்வையாளர். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் எப்போதும் ஓர் அளவுகோல். "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டவர், நான் நன்றாயிருக்கிறது என்றதும் காது சிவக்கச் சிரித்தார். அவர் போனபிறகு ரேணுகா சொன்னார், தங்கவேல் வேலையை விடுகிறார், சொந்தமாக லேத் பட்டறை போடுகிறார், நாளை மறுநாள் அவிநாசிக்குப் பக்கத்தில் திறப்பு விழா என்று.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூட்டைச் செய்த கை, வெளியே போகிறது! எங்கள் நிறுவனத்தில் ஒருவர் விலகுகிறார் என்றால் அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, கணினியைப் பிடுங்கி, காவலாளி துணையோடு வாசல்வரை கொண்டுபோய் விடுவோம். இந்தப் பெண்மணியோ தங்கவேலின் மனைவிக்குப் புடவை எடுக்க எந்தக் கடை நல்லது என்று கணக்குப்பிள்ளையிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

"கையெழுத்து?" என்றேன்.

"அன்னிக்கு நல்ல நாளுங்க. விழா முடிஞ்சு வந்து போட்டுக்கலாம். நீங்களும் கண்டிப்பா வரோணும்."

மறுநாள் முழுக்க எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நாள் எனக்குத் தண்டனை. காலையில் டவுன்ஹால் பக்கம் நடந்தேன், பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பினேன், மறுபடி கிளம்பினேன். இந்த ஊரில் தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. நின்றபடியே தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொண்டு ஆட்கள் வியாபாரம் பேசுகிறார்கள். என் பக்கத்தில் நின்ற இருவர் பேசியது காதில் விழுந்தது. "உங்க மிஷின் ரிப்பேருன்னா எங்க பட்டறைல கொண்டாந்து ஓட்டிக்கோங்க, நாங்க சாயங்காலம் சும்மாதான் வெச்சிருக்கறோம்." இருவரும் ஒரே சாமானைச் செய்யும் போட்டியாளர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. கிள்ளானில் பக்கத்துக் கடைக்காரன் தன் தள்ளுவண்டியைக்கூட இரவல் தரமாட்டான். மாலையில் தள்ளுவண்டிக் காளான் சாப்பிட்டேன். காளானை மசாலாவில் கொத்திக் கூழாக்கி, மேலே வெங்காயம் தூவித் தருகிறார்கள். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். லிம்மிடமிருந்து செய்தி: "கையெழுத்து?" நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, இன்னொரு தட்டு வாங்கினேன்.

விழா நாள் காலையில் ரேணுகா கார் அனுப்புகிறேன் என்றார். காத்திருக்க முடியுமா என்னால்? அவருக்கு முன்பாகவே போய்விடலாம் என்று பேருந்தில் ஏறினேன். ஜன்னலோர இருக்கை, காற்று, எல்லாம் சுகம். சீட்டு கேட்டபோது நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவிநாசிங்களா? ஏனுங்க, ஏறறப்பவே கேக்கறதில்லீங்களா? இது ஊருக்குள்ள போகாதுங்க. பைபாஸ்ல எறக்கி உட்டர்றேன், பாத்துப் போயிருங்."

அப்படியே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நெடுஞ்சாலை ஓரம், உச்சி வெயில் வருவதற்கு முன்பே கொதிக்கிற தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒப்பந்தம் இருந்த பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்போது ஒரு வெள்ளை வேன் என்னைத் தாண்டிப்போய், பின்னோக்கியே வந்து நின்றது.

"எங்க போகோணும்ங்க?" ஓட்டிவந்தவருக்கு நரைத்த குறுந்தாடி, வெள்ளைச் சட்டை. தங்கவேலின் பட்டறை என்றேன். "அட, நானும் அங்கதான். ஏறுங்க. சாப்டீங்களா?"

பெயர் ஷாஜகான். கோட்டைமேட்டில் வீடு, உக்கடத்தில் கடை. என்ன வியாபாரம் என்று கேட்டேன். "நானும் கிரைண்டர்தானுங்க" என்று திரும்பிப் பார்த்து, வேனின் பின்பக்கத்தைக் காட்டினார். துணி போர்த்தி, கயிறு கட்டிய கிரைண்டர்கள். அதாவது ரேணுகாவுக்கு நேர்ப் போட்டி. நான் பையை மெல்லத் தொடைக்கடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மலேசியாவிலிருந்து வந்த எனக்கு இங்கே என்ன வேலை என்று அவர் கேட்டபோது, "சும்மா சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று அண்டப்புளுகு புளுகினேன். கால் ஆடியது. "பாத்ரூம் போகோணும்ங்களா? பெட்ரோல் பங்குல நிறுத்தட்டுங்களா?" என்றார் அந்த நல்ல மனிதர்.

பட்டறை தகரக் கூரை போட்ட ஒரே ஒரு கூடம். வாசலில் வாழைமரம், உள்ளே பச்சைப் பெயிண்ட் காயாத ஒரு லேத், அதற்கு மாலை. கூட்டம் நெரிந்தது. சந்தகை பரிமாறிக்கொண்டிருந்தார்கள்: இடியாப்பம்போல, ஆனால் அதைவிட மெல்லிசாக, தேங்காய்ப்பாலில் ஒன்று, எலுமிச்சையில் ஒன்று. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஷாஜகான் காட்டினார். இவர் பம்ப் செய்கிறார், அவர் கிரைண்டர், மஞ்சள் சட்டை போட்டவரும் கிரைண்டர், தூணோரம் நிற்பவர் ரேணுகா ஆலையில் முன்பு வேலை பார்த்தவர், இப்போது அவரும் கிரைண்டர். நான் சந்தகைத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ரேணுகா பட்டுப்புடவையில் வந்தார். வழக்கம் என்னவென்று ஷாஜகான் எனக்குச் சொன்னார். "யாருகிட்ட வேலை பாத்தாரோ, அவங்கதானுங்க மொத வேலை குடுத்து போணி பண்ணோணும். அது நல்லா அமைஞ்சாத்தான் பட்டறை ஓடும்பாங்க."

தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். பிறகு ரேணுகா ஒரு பித்தளைத் தாம்பாளத்தை இரு கையாலும் ஏந்தி வந்தார். வெற்றிலை, வாழைப்பழம், மல்லிகை. நடுவில் பளபளவென்று எங்கள் பூட்டு.

தங்கவேலின் மனைவி முன்னால் வந்து, சந்தனத்தை அள்ளிப் பூட்டின்மேல் தாராளமாகப் பூசி, குங்குமம் வைத்தார். தங்கவேல் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். அழுதார். கூட்டம் கைதட்டியது. லிம் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிய பூட்டு, ஊரிலுள்ள கிரைண்டர்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் மணக்க மணக்க உட்கார்ந்திருந்தது!

அதோடு நின்றதா? "அட, புதுசா இருக்குதே" என்று மஞ்சள் சட்டை அதைக் கையில் எடுத்தார். அவர் கையிலிருந்து தூணோரம் நின்றவர் கைக்குப் போனது. அங்கிருந்து ஷாஜகானிடம். ஆளாளுக்கு நெம்பை அழுத்திப் பார்த்தார்கள். ஷாஜகான் தோள்துண்டால் சந்தனத்தைத் துடைத்தார். வளையத்தின் உட்புறத்தில், நெம்பு மாட்டும் பள்ளத்தில் போனது மட்டும் வரவில்லை. துண்டின் நுனியை முறுக்கி விட்டுப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஏதோ சொல்ல வாயெடுத்து, தங்கவேலின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்துருக்குதுங்க" என்று தாம்பாளத்தில் வைத்துவிட்டார்.

ரேணுகாவைப் பட்டறைக்குப் பின்னால் தென்னைமரத்தடிக்கு அழைத்துப்போனேன். அழைத்துப்போனேன் என்பது மரியாதையான சொல்.

"என்னம்மா பண்ணிட்டீங்க? வெளியாள் கண்ணுல படக்கூடாதுன்னு எழுதியிருக்கு, படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சனுங்க. தங்கவேல் எப்படிங்க வெளியாளு? அந்தப் பூட்டச் செஞ்சதே அவருதானே."

"அவரை விடுங்க. அந்த மஞ்சள் சட்டை? அந்த பாய்? எல்லாரும் உங்க போட்டிக்காரங்க!"

"ஆமாங்க. போட்டிக்காரங்கதான். நல்லது கெட்டதுக்கு வராம இருப்பாங்களா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "சார், சித்த கேளுங்க. தங்கவேலு போறாருன்னு தெரிஞ்சப்ப எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. கட்டிப்போட முடியுமா? சாதா வேலை குடுத்து அனுப்பினா நாலு பேரோட அஞ்சாவது ஆளா என்னையும் வெச்சிருப்பாரு. இருக்கறதுலயே கஷ்டமான வேலையக் குடுத்தா, என்ற வேலைதான் அவருக்கு மொதல். ஆளு வெளிய போனாலும் கை எங்கிட்டத்தான் இருக்கும்."

சொன்னது புத்திக்குப் பட்டது. ஆனால் கிடங்கு அட்டைப்பெட்டிகள் கண்முன் வரிசையாக நின்றன. "போணியைத் திரும்ப வாங்குங்க" என்றேன்.

ரேணுகாவின் முகம் மாறியது. அதுவரை அந்த ஊரில் யாரும் என்னிடம் கோபப்பட்டதில்லை. "அது மட்டும் சொல்லாதீங்க. குடுத்த போணியத் திரும்ப வாங்கினா அந்தப் பட்டறைய இன்னிக்கே மூடிப்போடலாம். அவரு ஊட்டை அடமானம் வெச்சு மிஷின் வாங்கியிருக்காருங்க."

நாங்கள் திரும்பியபோது தங்கவேல் சாப்பாட்டுப் பந்திக்கும் தென்னைமரத்துக்கும் நடுவில், பாயச டம்ளரோடு நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. "சாருக்குப் பாயசம்ங்க" என்று நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அதன் இனிப்பு எனக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் மாலை எனக்கு விமானம். காலையில் ஆலைக்குப் போனேன், கையெழுத்து வாங்கவா, சண்டை போடவா என்று தெரியாமல். தங்கவேலும் வந்திருந்தார், பூட்டைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு. திருப்பிக் கொடுத்துவிடத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. ரேணுகா அவரை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் வெள்ளை வேன் வந்து நின்றது.

ஷாஜகான் என்னை அங்கே பார்த்து ஆச்சரியப்பட்டார். "சுத்திப் பாக்க வந்தவரு சரியான எடத்துக்குத்தான் வந்துருக்கீங்க" என்றார். என் காது சூடேறியது. பிறகு ரேணுகா பக்கம் திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். நேத்து நல்ல நாளு, கொறை சொல்ற நாளில்லைன்னு வாய மூடிட்டுப் போயிட்டேன். அந்தப் பூட்டுல மாவு நிக்கும்ங்க."

அவர் தங்கவேலின் கையிலிருந்த துணியைப் பிரித்தார். உள்பள்ளத்தில் நேற்றைய சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. "தொடைச்சேன், வரலை. சந்தனத்துக்கே இந்தக் கதின்னா உளுந்துக்கு? உளுந்து காஞ்சா சிமெண்டுங்க. நானும் இப்படி ஒண்ணு செஞ்சு, வித்த மிஷினையெல்லாம் திரும்பத் தூக்கிட்டு வந்தவன்தான்."

"நாங்க டெஸ்ட் பண்ணியிருக்கோம்" என்றேன் வேகமாக.

"எதுலீங்க?"

"தண்ணியில."

ஷாஜகான் சிரிக்கவில்லை. அதற்குப் பதில் அவர் சிரித்திருக்கலாம்.

சந்தனம் பூசிய பூட்டைத் தங்கவேல் தொடவிடவில்லை. ஆலையில் இன்னொரு மாதிரி இருந்தது. சமையலறையிலிருந்து இட்லிமாவை ஒரு கிண்ணம் கொண்டுவரச் சொன்னார் ரேணுகா. ஒரு டிரம்மில் அந்தப் பூட்டை மாட்டி, மாவைத் தெளித்து, மேலாகத் துடைத்து, வெயிலில் வைத்தோம். கடைகளிலும் மாவு அப்படித்தான் காயும். காலையில் ஆட்டுவார்கள், சாயங்காலம் கழுவுவார்கள். நான் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். லிம்மிடமிருந்து செய்திமேல் செய்தி. பதில் போடவில்லை. திறந்துவிட வேண்டும் சாமி என்று மனம் ஒருபக்கம் வேண்டியது. திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம் நினைத்தேன். மலேசியா முழுக்கக் கடை மூடும் நேரத்தில் ஈரக்கையோடு எங்களைத் திட்டப்போகிறவர்கள் கண்ணில் வந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் முதலில் அழுத்தினேன். நெம்பு அசையவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். தங்கவேல் முயன்றார். ரேணுகா முயன்றார். கடைசியில் ஒருவர் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மல்லுக்கட்டி இழுத்தோம். வரவில்லை. பழைய கிரைண்டராவது வந்துவிடும்.

தங்கவேல் சுவரில் சாய்ந்துவிட்டார். "அப்ப என்ற போணி..." என்றார்.

"போணி அப்படியேதான் இருக்குது. பூட்டுதான் மாறுது" என்றார் ரேணுகா. "பாய், உங்களுது எப்படிச் சரியாச்சு?"

"எங்களுக்குச் சரியாவே ஆகலீங்க, உட்டுட்டோம்" என்று ஷாஜகான் தரையில் குந்தி உட்கார்ந்தார். தங்கவேலும் உட்கார்ந்தார். அன்று பட்டுப்புடவையில் வராத ரேணுகாவும் உட்கார்ந்தார். சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் வளையம் வரைந்தார்கள். பள்ளத்தை ஒருபக்கம் திறந்துவிட்டால் தண்ணீர் உள்ளே போய் மாவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடாதா என்றார் ஒருவர். அப்படியானால் பிடிமானம் போய்விடும் என்றார் இன்னொருவர். பிடிமானத்துக்கு வேறொரு வழி சொன்னார் ஷாஜகான். ஒருவர் வரைந்ததை மற்றவர் உள்ளங்கையால் அழித்தார். நானும் எப்போது உட்கார்ந்தேன் என்று நினைவில்லை. கிள்ளான் கடைகளில் பாத்திரம் கழுவுபவர்கள் குழாயைத் தூக்கி டிரம்முக்குள் பீய்ச்சுவார்கள், அதனால் திறப்பு மேல்பக்கம் இருக்கவேண்டும் என்றேன். "அட, அதச் சொல்லுங்க மொதல்ல" என்று தங்கவேல் என் கையில் சாக்பீஸைக் கொடுத்தார்.

கிளம்பும் நேரம் வந்தது. ரேணுகா கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, என் பையைப் பார்த்தார். "அந்தப் பேப்பரக் குடுங்க சார். உங்க வேலைக்கு ஆபத்துன்னா போட்டுக் குடுத்தர்றேன். எங்களால உங்களுக்கு ஒண்ணு ஆகக்கூடாது."

எடுத்தேன். எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பேனாகூட நீட்டினேன். வெளியாள் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்ற வரிக்குமேல் அவர் பேனா வந்தபோது, தரையில் ஷாஜகான் இன்னும் ஏதோ அழித்து வரைந்துகொண்டிருந்தார். கையெழுத்து விழுந்த நிமிடத்திலிருந்து அந்த மனிதர் அங்கே உட்கார்ந்திருப்பதே குற்றமாகிவிடும்.

"வேணாம்மா" என்று பிடுங்கிப் பையில் போட்டேன். "பூட்டைக் குடுங்க. அந்தச் சந்தனம் பூசினதை."

தங்கவேல் தயங்கினார். அது அவருடைய போணி. "புதுசு செஞ்சு முடிச்சதும் மொதப் பூட்டுல உங்க ஊட்டம்மா கையாலயே சந்தனம் வெச்சு, எடுத்துக்கோங்க" என்று நான் அவர் பேச்சிலேயே சொல்லப்போய், அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இரண்டு கையாலும் கொடுத்தார்.

விமான நிலையச் சோதனையில் என் பையை மூன்று பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். எஃகு வளையம், நெம்பு, மேலே குங்குமம். இது என்ன என்று ஓர் அதிகாரி இந்தியில் கேட்டார். கிரைண்டர் பூட்டு என்றேன். கோயிலுக்கா என்று கேட்டார். கையில் கொண்டுபோகக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு, கடைசி ஆளாக விமானத்தில் ஏறினேன்.

கிள்ளானில் லிம் தன் அறையில் காத்திருந்தார். ஒப்பந்தத்தை மேசையில் வைத்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். வெறுமையாக இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பூட்டை எடுத்து அதன்மேல் வைத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: தாம்பாளம், கைமாறியது, மாவு, வெயில்.

அவர் பள்ளத்திலிருந்த சந்தனத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். வரவில்லை. காகிதக் கத்தியால் நோண்டினார். மேசை விளிம்பில் தட்டினார். கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் தேய்த்தார். நகத்தில் மஞ்சளாக ஒரு கோடு ஒட்டியதுதான் மிச்சம். நெம்பை அழுத்திப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இந்தப் பூட்டை எத்தனை பேர் பார்த்தார்கள்?" என்று மலாயில் கேட்டார்.

"வந்தவர்கள் எல்லோரும்."

"இந்தக் காகிதத்தை?"

"ரேணுகா மட்டும்தான்."

லிம் ஒப்பந்தத்தை இரண்டாக மடித்து என்னிடம் நீட்டினார். "வேறு யாருக்கும் காட்டிவிடாதே" என்றார்.